நம்பிக்கைக்கு எத்தனை அடி உயரம்?

வரைபடத்தின் மூலைகளில் நான் வைத்த பாரங்கள்கூட நினைவிருக்கின்றன. ஒரு பக்கம் அம்மிக் குழவி, ஒரு பக்கம் பித்தளைச் செம்பு, பிறகு ஒரு பால் டின், என் மகள் பாக்கியத்தின் மருந்துப் பாட்டில். தாள் சுருண்டுகொண்டே இருந்தது. கைக்கு அகப்பட்டதை எல்லாம் எடுத்து வைத்தேன்.

தலைவர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவாட்டர்ஸின் முன்னறையில், சிமெண்டுத் தரையிலேயே வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் படத்தைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டாரத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி கட்ட ஒரு சபை அமைத்திருந்தார்கள். அதன் தலைவர் அவர். நிலமும் அவர் கொடுத்ததுதான்.

என் கணவர் மராமத்து இலாகாவில் படம் வரைபவர். துரைமார் பென்சிலால் போட்டுத் தரும் கட்டடங்களை மையில் நகலெடுப்பது வேலை. தம் மனத்திலிருந்து ஒரு கட்டடம் வரைந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் வாயைத் திறக்கும் வரை மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"வடிவாய்த்தான் கிடக்கு, தம்பி," என்றார் தலைவர். "ஆனால் நான் கேட்டது இது இல்லை."

"என்ன கொறைங்க ஐயா?"

"பள்ளிக்கூடம் எவனும் கீறுவான். நான் கேட்டது நம்பிக்கை. கட்டடத்தைக் கண்ட உடனே ஒரு தாய்க்கு, 'என்ரை பிள்ளையை இஞ்சை விடலாம்' எண்டு வரவேணும். அந்த நம்பிக்கையைக் கீறித் தாரும்."

கோப்பியைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கதவு கேட்டா வரையலாம். ஜன்னல் கேட்டா வரையலாம். நம்பிக்கைய எந்த ஸ்கேல்ல வரையிறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, சிரித்திருக்கக்கூடாதோ என்று தோன்றியது. ஏனென்றால் அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல.

குழாயடியில் வளர்ந்த கதை

தலைவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மளிகைக் கடையின் மாடியில் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செங்குத்தான மரப்படி, படியின் அடியில் ஒரு கதவு. கதவைச் சாத்திவிட்டால் மேலே நடப்பது கீழே நிற்கும் தாய்க்குத் தெரியாது.

ஒருநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, பெஞ்சில் படுக்க வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் சேதி தண்ணீர்க் குழாயடிக்கு வந்தபோது பிள்ளை மயங்கி விழுந்தது என்று ஆனது. மறுநாள், அடித்து மயங்க வைத்தார்கள் என்று ஆனது. வார முடிவில் அந்த மாடியில் பேய் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வகுப்பும் நின்றது.

குழாயடியைப் பற்றி நான் ஏளனமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். நானும் வாளியோடு அங்கே நின்றவள்தான். பேயை நம்பவில்லை. மற்றதையெல்லாம் நம்பினேன்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் என் மூத்த மகள் பாக்கியத்தின் இழுப்பு நோயைப் பற்றி எழுதியிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்கும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கற்பூரத் தைலம் தேய்த்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த அறையில் இருந்தாலும் என் காது அவள் மூச்சிலேயே இருக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம் சபை ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. நான் கிள்ளானில் மிஷன் பள்ளியில் படித்தவள், பேசத் தெரிந்தவள் என்று, வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைச் சம்மதிக்க வைக்கச் சொன்னார்கள். போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்.

"ஒங்க புள்ளய விடுவீங்களா?"

"விடுவேன்," என்று சொன்னேன். அப்படிச் சொன்னதால்தான் அவர்களும் சரி என்றார்கள். நான் பின்வாங்கினால் அவர்களும் பின்வாங்குவார்கள். பள்ளி திறக்கும் முன்பே மூடப்படும். இது எனக்குத் தெரியும். விடுவேனா என்பதுதான் தெரியாது.

சட்டையாகிப்போன பள்ளிக்கூடம்

தலைவர் ஏற்காத அந்த முதல் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்றால் உறுதி என்று என் கணவர் நினைத்திருந்தார். ஆகவே தடித்த தூண்கள், வளைவுகள், முகப்பில் ஒரு சின்னக் கும்மட்டம். நாள்தோறும் ஆபீசில் வரைவதன் சாயல் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் குட்டி போல இருந்தது என்றால் மிகையாகாது.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் புருஷன் ரயில் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன். என்னைவிட மூத்தவள், நல்ல உயரம். நான் முதலில் சம்மதம் வாங்கிய தாயும் அவள்தான்.

"எப்படி இருக்கு அக்கா?"

தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு தங்கச்சி. யார உள்ள போடப் போறாங்க?"

"பள்ளிக்கூடம் அக்கா!"

"ஓ. நான் போலீஸ் ஸ்டேஷன்னு நெனச்சேன்."

உள்ளே இருந்த என் கணவருக்குக் கேட்டுவிட்டது. எங்கள் குவாட்டர்ஸில் எதுதான் கேட்காது? மறுநாளே படத்தை வரைபலகையிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்.

படம் வரைந்திருந்தது நகலெடுக்கும் தாளில். மெல்லிய துணியில் மெழுகும் கஞ்சியும் ஏற்றிச் செய்தது அது. படம் வரைபவர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தாளை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் மையும் கஞ்சியும் போய், கைக்குட்டைக்கும் குழந்தைச் சட்டைக்கும் ஏற்ற அருமையான துணி கிடைக்கும். வேலை குறைந்து எல்லோரும் சிக்கனமாக இருந்த காலம் அது. தூணும் வளைவும் கும்மட்டமும் வாளியில் கரைந்து நீல நிறத்தில் மிதந்ததைப் பார்த்தபோது என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தத் துணியில்தான், அப்போது என் வயிற்றிலிருந்த குழந்தைக்கு முதல் சட்டை தைத்தேன்.

திறந்த பள்ளி

இரண்டாவது படத்துக்கு யோசனை சொன்னது நான்.

"தெரியலன்னாதானே பயம்? தெரியிற மாதிரி கட்டுங்க," என்றேன்.

அப்படியே வரைந்தார். செங்கல் தூண்கள், தகரக் கூரை, இடுப்பளவு சுவர். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஒரு தாழ்வாரம், தாய்மார் உட்கார ஒரு நீண்ட பெஞ்சு. எங்கிருந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தெரியும். தலைவர் படத்தைக் கண்டதும் "இதுதான்!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று பெஞ்சில் இடமில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், வெற்றிலைப் பெட்டியோடு வந்தவர்கள், உரிக்க வெங்காயம் கொண்டுவந்தவர்கள். வடக்கே கெடாவிலிருந்து வந்திருந்த எஸ்தர் டீச்சர், பாவம், சின்னப் பெண். கரும்பலகையில் எழுதத் திரும்பினால் முதுகுப் பக்கம் சுவருக்கு மேலாக ஒரே தலைகள்.

"ஏ செல்லம், மூக்கத் தொடச்சுக்க!"

"டீச்சரம்மா, எம்புள்ளைக்கு அங்கிட்டு வெயிலடிக்குது, இங்கிட்டு மாத்தி ஒக்கார வைங்க."

"சிலேட்ட நேரா புடி, மாரி! வீட்டுல சொன்னேன்ல?"

இரண்டாவது வாரத்தில் எஸ்தர் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, நான் கெடாவுக்கே போயிடுறேன்."

"ஏன்மா?"

"ஒரு கேள்வி கேட்டா பிள்ளைங்க பதில் சொல்ல மாட்டேங்குதுங்க. மொதல்ல வெளிய பாக்குதுங்க. அம்மா மொகத்துல என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறக்குதுங்க. கோவிச்சுக்காதீங்க. ஒங்க பாக்கியம்தான் ரொம்ப. நீங்க நெத்திய சுருக்குனா அவளுக்கு மூச்சு வாங்குது. நேத்து நீங்க எந்திரிச்சு நின்ன அப்பறந்தான் இழுப்பே வந்துச்சு."

நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். இவளுக்கு என்ன தெரியும், கல்யாணம் ஆகாதவள் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் போன பிறகு அந்த நேற்றை நினைத்துப் பார்த்தேன். இழுப்பு வந்ததால் நான் எழுந்தேனா, நான் எழுந்ததால் இழுப்பு வந்ததா? இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் என் கிள்ளான் பள்ளி நினைவுக்கு வந்தது. உயரமான சுவர், அதைவிட உயரத்தில் ஜன்னல். உள்ளிருந்து பார்த்தால் வானமும் தென்னை மட்டையும்தான் தெரியும். ஆற்றில் போகும் படகுகளின் ஊதலைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தப் பள்ளியில் நான் பயந்ததே இல்லை. பயந்தது வாசலில் நின்ற என் அம்மா. அந்தப் பயம் சுவரைத் தாண்டி என்னிடம் வந்ததே இல்லை. இதை நான் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தோணியம்மாவின் கொண்டை

"சுவரை எழுப்பிடலாம்," என்றார் என் கணவர்.

சேதி குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றே பதிலும் வந்தது: சுவர் எழும்பினால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். மறைக்க ஏதோ இருப்பதால்தானே மறைக்கிறார்கள்?

சுவர் இருந்தால் தாய்மார் போய்விடுவார்கள். சுவர் இல்லாவிட்டால் டீச்சர் போய்விடுவாள். என் கணவர் இரண்டு நாள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையல் அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாக்கியம் முன்னறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு விளையாடினாள். பக்கத்து வீட்டில் அந்தோணியம்மா தன் மகளைத் தலைவாரத் துரத்திக்கொண்டிருந்தாள். அதற்கும் அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள்.

எங்கள் குவாட்டர்ஸ் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு, ஆனால் எதுவும் கூரையைத் தொடாது. காற்றுப் போக மேலே விட்டிருப்பார்கள். அதனால் ஒரு வீட்டுச் சண்டை எல்லா வீட்டுக்கும் பொது. வந்த புதிதில் நான் இதற்காக அழுதிருக்கிறேன். ஆனால் இப்போது, பாக்கியம் என் கண்ணில் படவே இல்லை. கீரை ஆயும் என் கை நிற்கவும் இல்லை.

"என்னங்க," என்று கூப்பிட்டேன். "பாக்க வேணாம். கேட்டாப் போதும்."

"என்னது?"

"நம்ம வீட்டுச் சுவர் மாதிரி. கண்ணுக்கு மறைக்கணும், காதுக்கு மறைக்கக் கூடாது."

அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து தடுப்புச் சுவரின் மேல் விளிம்பைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

சாலைப் பக்கம், பெஞ்சு இருக்கும் பக்கம் மட்டும் பலகைச் சுவர் எழுப்புவது. மறுபக்கம், புல்வெளியைப் பார்த்து, முன்போலவே திறந்திருக்கும். வெளிச்சமும் காற்றும் அங்கிருந்து வரட்டும். பலகைச் சுவர் கூரைக்குக் கீழே நின்றுவிடும், நடுவில் இடைவெளி. எல்லாம் சரி. எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது? அங்கேதான் வந்து நின்றது. தாழ்வாக இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள். அதிகம் உயர்ந்தால் குரல் அடைபடும்.

தாய்மார்களையே கூப்பிட்டோம். மறைப்பது எதற்கு என்று ஒளிக்காமல் சொன்னோம். முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். சீனத் தச்சர் ஒவ்வொரு பலகையாகத் தற்காலிகமாக நிறுத்திக் காட்டினார். உள்ளே எஸ்தர் டீச்சரும் பிள்ளைகளும். வெளியே எங்களில் மிக உயரமானவள் அந்தோணியம்மா. அவளையே அளவுகோலாக வைத்தோம்.

"டீச்சர், தெரியுதா?"

"கண்ணு தெரியுது!"

தச்சர் இன்னொரு பலகையை வைத்தார்.

"இப்ப?"

"கொண்டை தெரியுது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அக்கா, நுனிக்கால்ல நிக்காதீங்க," என்றேன்.

"யாரு நின்னா? கொண்டையே அவ்வளவுலா!"

தச்சர் கையில் பலகையோடு, "லாகி?" என்று மலாயில் கேட்டார். இன்னுமா? இன்னும் ஒன்று, என்றார் என் கணவர். கொண்டை மறைந்தது. உள்ளே ஒரு பிள்ளை மெதுவாகத் தன் பெயரைச் சொன்னது. வெளியே கூட்டத்தில் ஒருத்தி, "எம்புள்ள," என்றாள். அதே இடத்தில் ஆணி அடித்தார்கள்.

ஐந்தாம் வாய்ப்பாடு

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. பெஞ்சில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்போம். "அது எம்புள்ள குரல், இது ஒம்புள்ள குரல்" என்று பந்தயம்கூட உண்டு. குரல்களுக்கு நடுவே பாக்கியத்தின் மூச்சு கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக முற்பகலிலேயே வானம் இருண்டது. பிள்ளைகள் நாலாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதியில் மழை இறங்கியது. தகரக் கூரையில் மலாயா மழை விழும் சத்தம் தெரியாதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. பக்கத்தில் இருந்தவளின் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை.

உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. குரல் இல்லை, மூச்சு இல்லை, ஒன்றும் இல்லை. அத்தனை யோசித்து உயரம் பார்த்துக் கட்டிய சுவர், மாடிப்படிக் கதவு போல மூடிக்கொண்டது.

பெஞ்சில் மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தாழ்வாரத்தின் முனையில் வாசல், சில எட்டுகள்தான். அந்தோணியம்மா என் காதருகே குனிந்து கத்தினாள்: "போய்ப் பாப்பமா, தங்கச்சி?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் போனால் அவர்களும் வருவார்கள். நாளை சுவர் இருக்காது, மறுநாள் டீச்சர் இருக்கமாட்டாள். ஈரக் காற்று அடித்தது. ஈரக் காற்றுத்தான் பாக்கியத்துக்கு ஆகாது.

நான் எழவில்லை. அது நம்பிக்கையால் அல்ல. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தால். பெஞ்சின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் அந்தோணியம்மாவும் உட்கார்ந்தாள்.

மழை மெல்ல மெல்லக் குறைந்தபோது, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோலக் குரல்கள் வந்தன. எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம். பிள்ளைகள் ஆறாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.

"அஞ்சு எங்க?" என்றாள் ஒருத்தி.

"மழ தின்னுருச்சு," என்றாள் அந்தோணியம்மா. அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. உள்ளேயிருந்து டீச்சர், "வெளிய கொஞ்சம் அமைதியா இருக்கீங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு பெஞ்சு மெதுவாகக் காலியாகத் தொடங்கியது. யாரும் முடிவு செய்யவில்லை. ஒருத்திக்குத் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் மாமியார் வந்திருந்தாள். "காலையில விட்டுட்டு மத்தியானம் வரேன்" என்று அந்தோணியம்மாவே ஒருநாள் சொன்னாள்.

அப்படியிருக்கும்போது ஒரு காலையில் தலைவர் பள்ளியைப் பார்க்க வந்தார். தாழ்வாரத்தில் ஏறி, நீண்ட பெஞ்சைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"தாய்மார் எங்கை, பிள்ளை? எல்லாருக்கும் வெறுத்துப் போச்சுதோ?"

"இல்லைங்க ஐயா. வீட்டுல வேலையா இருக்காங்க."

"பிள்ளையள்?"

"உள்ள இருக்காங்க. எல்லாரும் வந்திருக்காங்க."

அவர் பலகைச் சுவரைப் பார்த்தார். காலிப் பெஞ்சை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து அவர் பார்வை நின்றது.

"அப்ப, நீங்கள்?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

குடையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். படி இறங்கியபோதும் பிள்ளைகளின் குரல் கேட்டது. கோயில் முனை வரை கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். ரயில் பாதையைத் தாண்டிய பிறகு கேட்கவில்லை. அங்கே ஒரு கணம் நின்றேன். பிறகு மீன் வாங்கப் பாசாருக்குப் போனேன்.

மத்தியானம் பாக்கியம் மற்ற பிள்ளைகளோடு வெளியே வந்தாள். கையில் சிலேட்டு, கன்னத்தில் சுண்ணாம்புத் தூள்.

"அம்மா, இன்னிக்கு இழுப்பு வந்துச்சு," என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். "எப்போடி?"

"காலையில. டீச்சர் நிமிந்து ஒக்கார வெச்சாங்க. அப்பறம் போயிடுச்சு." நடந்துகொண்டே என் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன மீனும்மா வாங்குன?"